எண்ணெயில் இயங்கும் தாங்கிகளுக்கு அடுக்குப் பாலிமர் பூச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறையில் பேரிங் என்றும் பாடநூலில் தாங்கி என்றும் வழங்கும் பாகத்தில் பல வகைகள் உண்டு. இந்தப் பக்கம் பெரும்பாலும் குண்டோ உருளையோ இல்லாத வழுக்குத் தாங்கிகளைப் பற்றியது: என்ஜின் கிராங்க் தண்டைச் சுற்றி மேலும் கீழுமாக அமரும் அரைவளைய ஷெல்கள், முழு வளையமான புஷ்கள், நீர்மின் இயந்திரத்தின் எடையைச் சுமக்கும் உந்துத் தாங்கிகள் ஆகியவை. இவற்றின் உள்முகத்தில் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் சில மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள பாலிமர் அடுக்கை ஏற்றும் வழக்கம் பரவிவருவதால், அதைத் தேர்ந்தெடுப்பவர்களும் பொருத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

எண்ணெய் தடையின்றி வரும் தாங்கிக்குப் பூச்சு எதற்கு?

தண்டு போதிய வேகத்தில் சுழலும்போது, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயை ஆப்பு வடிவமான இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே எண்ணெயில் அழுத்தம் எழுந்து தண்டையே தூக்கிவிடுகிறது. 1883இல் பியூசாம்ப் டவர் ரயில் அச்சுத் தாங்கியை ஆராய்ந்தபோது, மேலே துளைத்த துளை வழியாக எண்ணெய் வெளியே வந்துகொண்டிருந்தது. அதை அடைக்க வைத்த மரத்தக்கையையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. எண்ணெய்ப் படலத்துக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்கான சமன்பாட்டை எழுதினார். இந்த நிலையில் தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தாங்கியின் முகத்தில் எந்தப் பொருள் இருக்கிறது என்பது அப்போது ஏறத்தாழப் பொருட்டே இல்லை.

ஆனால் எந்த இயந்திரமும் பிறந்ததிலிருந்தே ஓடிக்கொண்டிருப்பதில்லை. நிற்கும்போது தண்டு தாங்கியின் மேல் படிந்து உட்கார்ந்திருக்கிறது, எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடுகிறது, மீண்டும் கிளம்பும் முதல் சில சுற்றுகளில் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசுகின்றன. ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து வந்த வளைகோடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது: எண்ணெயின் பாகுத்தன்மையும் வேகமும் குறைந்தாலோ சுமை கூடினாலோ, முழுப் படலத்திலிருந்து கலப்பு நிலைக்கும், அங்கிருந்து மேடுகள் உரசும் எல்லை நிலைக்கும் தாங்கி இறங்குகிறது. பூச்சு பயன்படுவது இந்த இரண்டு நிலைகளில்தான். கிளம்பும் நேரம், நிற்கும் நேரம், தண்டு சற்றுச் சாய்ந்து தாங்கியின் விளிம்பில் அழுத்தும் நேரம், எண்ணெய் பம்ப் ஒரு கணம் காற்றை இழுத்துவிட்ட நேரம் ஆகியவற்றுக்காகவே அது அங்கே இருக்கிறது. ஆகவே ஒரு பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தாங்கியின் மிக மோசமான நிமிடம் எது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பட்டியலில் அச்சிட்ட உராய்வுக் குணகத்தை, அதாவது உராய்வு விசை சுமையில் எத்தனை பங்கு என்ற எண்ணை, பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

‘அடுக்கு’ என்ற சொல் எதைக் குறிக்கிறது?

மூன்று வேறு பொருள்களில் இந்தச் சொல் புழங்குவதால் குழப்பம் வருகிறது. முதலாவதாக, தாங்கியே அடுக்கடுக்கானது: என்ஜின் ஷெல் ஒன்றை வெட்டி, வெட்டுமுகத்தைப் பளபளவென்று தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வெளியே எஃகு முதுகு, அதன்மேல் அலுமினியம்-வெள்ளீயக் கலவையோ வெண்கலமோ ஆன ஒரு படுகை, அதற்கும் மேலே முடியைவிட மெல்லிய பூச்சு என்று வரிசையாகத் தெரியும். இரண்டாவதாக, அந்தப் பூச்சே இரண்டு அல்லது மூன்று படலங்களாக இருக்கலாம். கீழ்ப்படலத்தில் தேய்மானத்தைத் தாங்கும் கடினத் துகள்கள் கூடுதலாகவும், மேல்படலத்தில் எளிதில் வழுக்கும் மென்பொருள் கூடுதலாகவும் வைக்கப்படுகின்றன. மூன்றாவதாக, பூச்சுக்குள் கலந்திருக்கும் கிராஃபைட்டும் மாலிப்டினம் டைசல்ஃபைடும் அணு அளவிலேயே தாள் தாளாக அடுக்கப்பட்டவை. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவதைப் போல அந்தத் தாள்கள் சரிவதால்தான் வழுக்கல் கிடைக்கிறது. இந்தப் பக்கத்தில் ‘அடுக்குப் பூச்சு’ என்று எழுதும்போது பெரும்பாலும் இரண்டாவது பொருளையே சொல்கிறேன்.

ஒரே படலம் போதாதா? ஏன் மேலே மென்மை, கீழே கடினம்?

புதிய தாங்கியும் புதிய தண்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் தண்டில் நுண்ணிய மேடுகளும், ஷெல் அமரும் துளையில் சிறிய கோணலும் இருக்கவே செய்யும். மேலே உள்ள மென்மையான படலம் முதல் சில மணி நேரத்தில் மேடு இருக்கும் இடத்தில் தேய்ந்து, இல்லாத இடத்தில் நின்று, தண்டின் வடிவத்துக்குத் தன்னை ஒத்துக்கொள்கிறது. இந்தப் பழக்கம் முடிந்த பின்னும் அதே மென்மை தொடர்ந்தால், ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பூச்சு விரைவிலேயே காணாமல் போய்விடும். எனவே பழகி முடியும் இடத்தில் தேய்மானத்துக்கு அணை போட ஒரு கடினமான கீழ்ப்படலம் தேவைப்படுகிறது.

இரண்டையும் ஒரே கலவையில் அடக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அடக்கலாம், அப்படிப் பல பூச்சுகள் இருக்கின்றன, பல இடங்களில் அவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் வழுக்கும் பொருளைக் கூட்டக் கூட்டப் பிசினின் பங்கு குறைந்து பிடிப்பும் வலிமையும் தளர்கின்றன. கடினத் துகளைக் கூட்டக் கூட்டத் தண்டைச் சுரண்டும் அபாயம் வருகிறது. படலங்களைப் பிரிப்பதால் இந்த இழுபறியை ஒரே இடத்தில் தீர்க்க வேண்டிய கட்டாயம் நீங்குகிறது. அதற்கு விலையாக, இரண்டு படலங்களுக்கும் நடுவே புதிதாக ஓர் ஒட்டுமுகம் பிறக்கிறது. அது சரியாக அமையாவிட்டால் பூச்சு அங்கேயே பிளக்கும்.

பூச்சுக்குள் என்னென்ன இருக்கின்றன?

அடிப்படையில் இருப்பது பிசின், அதாவது எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கும் பாலிமர். என்ஜின் ஷெல்களில் பெரும்பாலும் பாலி அமைடு-இமைடு பயன்படுகிறது. சுமார் 275 டிகிரி செல்சியஸ் வரை இளகாமல் நிற்கும், சூடான எண்ணெயில் கரையாது, உலோகத்தை நன்றாகப் பற்றும். பீக் என்ற பாலிமர் 143 டிகிரியில் இளகத் தொடங்கினாலும் 343 டிகிரியில்தான் உருகும். தடிமனான அடுக்குகளுக்கும் அச்சில் வார்த்த முகங்களுக்கும் அது ஏற்றது.

பிசினுக்குள் திட மசகுப் பொருட்கள் கலக்கப்படுகின்றன: கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு, போரான் நைட்ரைடு, டெஃப்லான் என்று எல்லோரும் அறிந்த பி.டி.எஃப்.இ. ஆகியவை. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணிவிடக் கூடாது. கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றிலுள்ள ஈரம் போன்ற ஏதோ ஓர் ஆவி அதன் தாள்களில் படிந்திருக்க வேண்டும். வெற்றிடத்தில் அது உரசித் தூளாகும். மாலிப்டினம் டைசல்ஃபைடு அதற்கு நேர்மாறு: வெற்றிடத்திலும் உலர்ந்த சூழலிலும் சிறப்பாக வழுக்கும், ஈரக் காற்றில் தடுமாறும். இவற்றோடு தேய்மானத்தைக் குறைக்க மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு அல்லது பீங்கான் வகைத் துகள்களும், வெப்பத்தைக் கடத்தி வலிமை கூட்ட அலுமினியச் செதில்களும் சேர்க்கப்படுவது உண்டு.

பி.டி.எஃப்.இ. எல்லாவற்றையும்விட வழுக்குமே, அதை மட்டும் பூசினால் ஆகாதா?

ராய் பிளங்கெட் 1938 ஏப்ரலில் டூபாண்ட் ஆய்வகத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த இந்தப் பொருள், மெதுவான வேகத்திலும் அதிகச் சுமையிலும் 0.04 அளவுக்குக் குறைந்த உராய்வுக் குணகத்தைத் தரக்கூடியது. நின்ற நிலையிலிருந்து நகர்த்தத் தேவையான விசைக்கும் நகர்ந்த பின் தேவையான விசைக்கும் அதில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் கிளம்பும்போது ஒட்டி ஒட்டி விடுபடும் உதறல் வராது. இது மிகப் பெரிய நற்குணம்.

குறை என்னவென்றால், தனியாக விட்டால் அது மிக வேகமாகத் தேயும். சுமையின் கீழ் மெல்ல மெல்லப் பிதுங்கி நகரும். வேகம் கூடினால் உராய்வும் கூடும். எதனோடும் எளிதில் ஒட்டாது. வாணலியில் நாம் விரும்பும் அதே குணம் தாங்கியில் தலைவலியாகிறது. ஆகவே அதற்கு ஒரு எலும்புக்கூடு தேவை. 1950களில் கிளேசியர் நிறுவனம் உருவாக்கிய டி.யு. வகைப் புஷ், எஃகு முதுகின்மேல் வெண்கலத் துகள்களைச் சூளையில் ஒட்டவைத்து, அந்தத் துளைகளுக்குள் பி.டி.எஃப்.இ.யையும் காரீயத்தையும் அழுத்தித் திணிக்கும் உத்தியைக் கையாண்டது. வெண்கலம் சுமையையும் வெப்பத்தையும் பார்த்துக்கொள்கிறது, பி.டி.எஃப்.இ. வழுக்கலைப் பார்த்துக்கொள்கிறது. இன்று காரீயம் இல்லாத வடிவங்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மெல்லிய தெளிப்புப் பூச்சுகளில் இதே வேலையை வேறு வழியில் பிசின் செய்கிறது: பி.டி.எஃப்.இ. அதற்குள் சிறு துகள்களாகச் சிதறிக் கிடந்து, உரசும்போது எதிர்முகத்தில் மிக மெல்லிய படிவாக மாறி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவு உருவான பிறகு பாலிமர் பாலிமரோடுதான் உரசுகிறது.

இதற்கு முன் என்ன பயன்படுத்தினார்கள்? மாற வேண்டிய அவசியம் என்ன?

ஐசக் பேபிட் 1839இல் காப்புரிமை பெற்ற வெள்ளை உலோகம், அதாவது வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட கலவை, இன்றுவரை பெரிய தாங்கிகளில் மதிப்போடு இருக்கிறது. என்ஜின்களில் சுமை கூடியபோது செம்பு-காரீயப் படுகையும் அதன்மேல் காரீயம் கலந்த மெல்லிய மின்முலாமும் வந்தன. காரீயம் மென்மையானது, தூசியை விழுங்கும், எண்ணெய் இல்லாத கணத்தையும் பொறுத்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாகன விதி காரீயத்தைப் படிப்படியாக வெளியேற்றச் சொன்னதும் அந்த இடம் காலியானது.

அதே காலத்தில் தாங்கியின் வேலையும் கடினமானது. எரிபொருளைச் சேமிக்க எண்ணெய் மெல்லியதாக்கப்பட்டது, எண்ணெயைப் பாகுத்தன்மைப்படி வகுக்கும் எஸ்.ஏ.இ. தரவரிசையில் 20க்குக் கீழே 16 என்ற வகுப்பு 2013இலும், 12, 8 என்ற வகுப்புகள் 2015இலும் சேர்க்கப்பட்டன. மெல்லிய எண்ணெய் என்றால் மெல்லிய படலம். போதாக்குறைக்கு, சிக்னலில் நின்றவுடன் தானே அணைந்து தானே கிளம்பும் என்ஜின்களும், மின்மோட்டாரோடு மாறி மாறி ஓடும் என்ஜின்களும் வந்தபின், ஒரு தாங்கி தன் வாழ்நாளில் கிளம்ப வேண்டிய தடவைகள் பல மடங்காகிவிட்டன. முழுப் படலத்தில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதைவிடச் சில நூறு முறை நின்று கிளம்புவதுதான் தாங்கியை வாட்டும். பாலிமர் பூச்சு இன்றைய இடத்தைப் பிடித்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

உராய்வு உண்மையில் எவ்வளவு குறையும்?

எந்த நிலையில் என்று சொல்லாமல் தரப்படும் எண்ணுக்குப் பொருளில்லை. முழு எண்ணெய்ப் படலத்தில் உராய்வுக் குணகம் 0.001 முதல் 0.01 வரைதான், எந்தத் திடப்பூச்சும் அதை எட்டாது. எல்லை நிலையில் எண்ணெய் நனைந்த உலோகமும் உலோகமும் உரசினால் ஏறத்தாழ 0.1 இருக்கும், நல்ல பாலிமர் பூச்சு அங்கே அதைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறக்கக்கூடும். எனவே ஆண்டு முழுதும் ஒரே வேகத்தில் ஓடும் விசையாழியில் பூச்சினால் ஆற்றல் மிச்சமாகும் என்று எதிர்பார்ப்பது வீண். அடிக்கடி நின்று கிளம்பும் இயந்திரத்தில், மெதுவாக ஊசலாடும் பிவட்டில், ஏர் கண்டிஷனர் கம்ப்ரசரில் வேறுபாடு தெரியும்.

இன்னொரு நுட்பமான பயனும் உண்டு. பாலிமர் வெப்பத்தை மோசமாகக் கடத்துவதால், எண்ணெய்ப் படலத்தில் உண்டாகும் வெப்பம் சற்று நேரம் அங்கேயே தங்கி எண்ணெயை மெலிதாக்குகிறது. அதனால் முழுப் படல நிலையிலும் இழுவை சிறிது குறையலாம். இது எப்போதும் வரவேற்கத்தக்கது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மெலிந்த எண்ணெய் மெலிந்த படலத்தையே தாங்கும்.

தண்டுக்கும் தாங்கிக்கும் நடுவே எண்ணெய்க்காக விடும் இடைவெளியைப் பூச்சின் தடிமன் தின்றுவிடாதா?

தின்றுவிடும், இதைக் கணக்கில் எடுக்காமல் பழைய அளவு ஷெல்லில் பூச்சு ஏற்றுவதே நான் அறிந்த தவறுகளில் மிகச் சாதாரணமானது, மிகக் கொடியதும்கூட. கணக்கு எளிது. 50 மில்லிமீட்டர் தண்டுக்கு விட்டத்தில் 0.05 மில்லிமீட்டர், அதாவது 50 மைக்ரான் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மேல் ஷெல்லிலும் கீழ் ஷெல்லிலும் 10 மைக்ரான் பூச்சு ஏறினால் விட்டத்தில் 20 மைக்ரான் போய்விடும், மீதி 30. ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி காணாமல் போன தாங்கியில் எண்ணெய் ஓட்டம் குறையும், சூடு ஏறும், சூட்டில் தண்டு விரிந்து மீதி இடைவெளியையும் நெருக்கும். தொழிற்சாலையில் பூச்சோடு வரும் ஷெல்களில் இந்தத் தடிமன் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். பின்னால் ஏற்றுபவர்கள்தான் கவனிக்க வேண்டும். பூச்சுக்கு முன்னும் பின்னும் ஷெல்லின் சுவர்த் தடிமனை, குண்டு முனை வைத்த மைக்ரோமீட்டரால் ஒரே இடங்களில் அளந்து எழுதிவைப்பது நல்லது.

வெறும் 10 மைக்ரான் எவ்வளவு காலம் தாங்கும்?

தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று நினைத்தால் 10 மைக்ரான் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி தொடுதலே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பழகும் காலத்தில் சில மைக்ரான் போகும். அதன்பின் தேய்மானம் வெகுவாக மட்டுப்படும். நல்ல நிலையிலுள்ள ஷெல்லைக் கழற்றிப் பார்த்தால், சுமை தாங்கும் நடுப்பகுதியில் பூச்சு மங்கலான சாம்பல் நிறத்திலிருந்து மெல்லிய பளபளப்புக்கு மாறியிருக்கும். விரல் நகத்தை இழுத்தால் எங்கும் தட்டாது. பூச்சு முழுக்கத் தேய்ந்து கீழேயுள்ள உலோகம் திட்டுத் திட்டாகத் தெரிந்தாலும் தாங்கி உடனே செத்துவிடாது. படுகை உலோகமும் தாங்கிக்கு உரியதுதான்.

பூச்சு எப்படி ஏற்றப்படுகிறது?

பிசினைக் கரைப்பானில் கரைத்து, துகள்களைக் கலந்து, மையைப் போன்ற ஒரு திரவமாக்கி, சூடேற்றிய ஷெல்லின்மேல் தெளிக்கிறார்கள். சில இடங்களில் அச்சிடும் முறையோ உருட்டும் முறையோ உண்டு. ஒரு படலம் தெளித்து, கரைப்பான் ஆவியாகும்வரை காயவைத்து, அடுத்த படலத்தைத் தெளித்து, இறுதியில் உலையில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். கீழ்ப்படலம் முழுதும் இறுகிய பிறகு மேல்படலத்தைத் தெளித்தால் இரண்டும் ஒட்டாமல் போகலாம். ஈரமாக இருக்கும்போதே தெளித்தால் உள்ளே அகப்பட்ட கரைப்பான் உலையில் கொப்பளமாக எழும்பும். இடைப்பட்ட அந்தப் பதம்தான் இந்தத் தொழிலின் கைப்பக்குவம்.

உலையின் வெப்பத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பாலி அமைடு-இமைடு நன்றாக இறுக வேண்டுமானால் 200 டிகிரிக்கு மேல் போவது நல்லது. ஆனால் படுகையிலுள்ள வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். மேலே ஏறினால் வெள்ளீயம் வியர்த்து வெளிவரும். கீழே நின்றால் பிசின் அரைவேக்காடாகும். அரைவேக்காடா என்பதை அறிய, வலுவான கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் பூச்சைப் பலமுறை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார்கள். துணியில் நிறம் ஏறினால் வேலை முடியவில்லை என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யும் வேலை மேற்பரப்பைத் தயார்செய்வது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி எடுத்து, நுண்ணிய மணலோ அலுமினாத் துகளோ வீசி முகத்தைச் சொரசொரப்பாக்கி, தூளை ஊதித் தள்ளி, உடனே பூச வேண்டும். சுத்தம் செய்த ஷெல்லை வெறுங்கையால் எடுத்துப் பூச்சு ஏற்றினால், சில மணி நேரம் சூடான எண்ணெயில் ஊறவைத்த பிறகு, கட்டைவிரல் ரேகை படிந்த இடம் மட்டும் தனியாக மேலெழும்பி நிற்கும். பூச்சின் வேதியியலைப் பற்றி எவ்வளவு பேசினாலும், உரிந்த பூச்சுகளில் பெரும்பாலானவற்றின் கதை இந்தப் படியில்தான் தொடங்குகிறது.

பூச்சு கெட்டால் அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாங்கியைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு விளிம்பில் மட்டும் பட்டையாகத் தேய்ந்திருந்தால் தண்டு சாய்ந்திருக்கிறது, அல்லது ஷெல் அமரும் துளை கூம்பாக இருக்கிறது; பூச்சின்மேல் பழி போட வேண்டாம். சுழலும் திசையில் நீண்ட கோடுகள் இருந்து அவற்றின் முடிவில் ஒரு துகள் புதைந்திருந்தால் அது அழுக்கு. செதில் செதிலாக உரிந்து கீழே உலோகம் சுத்தமாகத் தெரிந்தால் மேற்பரப்புத் தயாரிப்பில் குறை. உரிந்த இடத்தில் கீழ்ப்படலம் மிச்சமிருந்தால் இரண்டு படலங்களுக்கு நடுவே ஒட்டவில்லை. கொப்பளம் என்றால் ஈரம் அல்லது அகப்பட்ட கரைப்பான். பாலி அமைடு-இமைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரமான கிடங்கில் நெடுநாள் கிடந்த பாகத்தைச் சட்டென்று சூடேற்றினால் அந்த ஈரம் வெளியேற வழி தேடும்.

முகம் முழுதும் சீராக, ஆனால் மிக வேகமாகத் தேய்ந்திருந்தால் தண்டைப் பாருங்கள். வார்ப்பிரும்புத் தண்டைச் சாணை பிடிக்கும்போது, அதிலுள்ள கிராஃபைட் உருண்டைகளைச் சுற்றி நுண்ணிய உலோக முட்கள் எழும்பும். தண்டு சுழலும் திசையை நோக்கி அந்த முட்கள் நின்றால் அவை அரம்போல வேலை செய்யும். கடைசி மெருகைத் தண்டு சுழலும் திசையைக் கருதிச் செய்தால் மட்டுமே அவை படியும்.

எண்ணெயிலுள்ள கூட்டுப்பொருட்கள் பூச்சோடு ஒத்துப்போகுமா?

நல்ல பிசின்கள் என்ஜின் எண்ணெயில் கரைவதில்லை. ஆனால் தேய்மானத் தடுப்பியாகச் சேர்க்கப்படும் துத்தநாகச் சேர்மங்களும், உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் சேர்மங்களும் உலோக முகத்தோடு வினைபுரிந்து காப்புப் படலம் அமைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பாலிமர் முகத்தில் அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. எதிரே சுழலும் தண்டு எஃகாக இருப்பதால் ஒரு பக்கமாவது அவை வேலை செய்கின்றன. எண்ணெய் வகையை மாற்றுபவர்கள், உலோகத் தாங்கியில் கிடைத்த பயன் அப்படியே இங்கும் கிடைக்கும் என்று எண்ணாமல், அதே எண்ணெயில் அதே பூச்சைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பி.டி.எஃப்.இ. தூளை எண்ணெயில் கலந்து ஊற்றினால் இதே பயன் கிடைக்குமா?

கிடைக்காது. பூச்சின் பயன் பிசின் அதை ஓரிடத்தில் பற்றி வைத்திருப்பதில் இருக்கிறது. எண்ணெயில் மிதக்கும் தூள் வேண்டிய இடத்தில் ஒட்டும் என்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வடிகட்டியிலும் குறுகிய எண்ணெய்த் துளைகளிலும் அது சேரலாம்.

பாலிமர் வெப்பத்தைக் கடத்தாது என்கிறீர்கள். அது ஆபத்து இல்லையா?

தடிமனைப் பொறுத்தது. பி.டி.எஃப்.இ.யின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.25 வாட் அளவு. சாதாரண எஃகுக்கு அது சுமார் 50, ஏறத்தாழ 200 மடங்கு. 10 மைக்ரான் பாலிமர் வெப்பத்துக்குப் போடும் தடை, 2 மில்லிமீட்டர் எஃகு போடும் தடைக்குச் சமம். இதைப் பெரும்பாலான தாங்கிகள் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் வெப்பத்தில் பெரும்பங்கை எண்ணெயே எடுத்துச் செல்கிறது. அடுக்கு மில்லிமீட்டர்க் கணக்கில் போனால் கணக்கே வேறு. அங்கே உலோகத்தில் புதைத்த வெப்பமானி, எண்ணெய்ப் படலத்தின் உண்மையான சூட்டைக் காட்டாது. பழைய வெள்ளை உலோகத் தாங்கிக்கு வைத்திருந்த அபாய எச்சரிக்கை அளவைப் பாலிமர் முகத்துக்கு அப்படியே விட்டுவைப்பவர்கள், இயந்திரம் கொதிக்கும்போதும் அமைதியான எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெரிய இயந்திரங்களில் தடிமனான பாலிமர் முகம் பயன்படுகிறதா?

பயன்படுகிறது, நீர்மின் நிலையங்கள் இதில் முன்னோடிகள். செங்குத்தான தண்டு, சுழலி, டர்பைன், நீரின் உந்துவிசை எல்லாம் சேர்ந்த நூற்றுக்கணக்கான டன் சுமை, சாயும் பலகைகள் கொண்ட ஒரு உந்துத் தாங்கியின்மேல் உட்கார்ந்திருக்கும். வெள்ளை உலோக முகமாக இருந்தால், கிளப்புவதற்கு முன் உயர் அழுத்த எண்ணெயைச் செலுத்திச் சுழலியைத் தூக்குவது வழக்கம். சூடாக நின்ற இயந்திரத்தை உடனே கிளப்பத் தயங்குவார்கள். 1970களில் சோவியத் பொறியாளர்கள் பி.டி.எஃப்.இ. தகட்டைச் செம்புக் கம்பி வலையில் பதித்து, அந்த வலையை எஃகுப் பலகையோடு பற்றவைத்தார்கள். வலை ஒட்டும் பிடியாகவும் மெத்தையாகவும் இருந்தது. பி.டி.எஃப்.இ. மென்மையாக இருப்பதால் சுமை ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. கிளம்பும் உராய்வு குறைவாக இருப்பதால் தூக்கும் எண்ணெய் அமைப்பே தேவைப்படாத இயந்திரங்கள் வந்தன. மின்தேவைக்கேற்ப ஒரு நாளில் பலமுறை நின்று கிளம்பும் நிலையங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அந்தத் தூக்கும் பம்ப் பழுதாகி இரவெல்லாம் காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

பால் பேரிங்குக்கு இந்தப் பூச்சைப் போடலாமா?

உருளும் பாதையில் போட வேண்டாம். குண்டும் வளையமும் தொடும் புள்ளியில் அழுத்தம் 1 முதல் 3 கிகாபாஸ்கல் வரை போகும். பாலி அமைடு-இமைடு போன்ற வலுவான பாலிமரே அதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்திலேயே நசுங்கத் தொடங்கும். குண்டுகளைப் பிரித்துவைக்கும் கூண்டு பாலிமரில் வருவது வேறு விஷயம். அங்கே சுமை குறைவு.

வைரம் போன்ற கரிப்பூச்சு இதைவிட மேலானதா?

இரண்டும் எதிரெதிர்க் குணங்கள். கரிப்பூச்சு மிகக் கடினம், 1 முதல் 3 மைக்ரான் தடிமனில் வெற்றிட அறையில் படிய வைக்கப்படுவது, கடினமான எஃகின்மேல்தான் நிற்கும். பாலிமர் மென்மையானது, விளிம்பழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும், எண்ணெயோடு வரும் சிறு துகளைத் தன்னுள் புதைத்துத் தண்டைக் காப்பாற்றும். தூசி உறுதியாக வரும் இடத்தில் நான் பாலிமரையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் புதைக்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு: 10 மைக்ரான் பூச்சு 40 மைக்ரான் மணலை விழுங்க முடியாது, அதைக் கீழேயுள்ள படுகை உலோகம்தான் ஏற்க வேண்டும். வடிகட்டிக்கு மாற்றாகப் பூச்சைக் கருதக் கூடாது.

சூழல் விதிகள் இந்தப் பூச்சுகளைப் பாதிக்குமா?

பாதிக்கத் தொடங்கிவிட்டன. பாலி அமைடு-இமைடைக் கரைக்க நெடுங்காலமாகப் பயன்பட்ட என்-மெத்தில் பைரோலிடோன், கருவுறுதலுக்கும் கருவுக்கும் தீங்கு செய்வது. 2020 முதல் ஐரோப்பாவில் அதைக் கையாள்வதற்குக் கடும் வரம்புகள் உள்ளன. தெளிப்பறையில் வேலை செய்பவரின் தோலும் மூச்சும் பாதுகாக்கப்படுவது, பூச்சு எவ்வளவு வழுக்குகிறது என்பதைவிட முக்கியமானது. 2023இல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் ஃபுளோரின் கலந்த ‘பிஃபாஸ்’ சேர்மங்களை மொத்தமாகக் கட்டுப்படுத்த முன்மொழிந்தன; பி.டி.எஃப்.இ.யும் அந்தக் குடும்பத்தில் அடங்குகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓட வேண்டிய இயந்திரத்தை இன்று வடிவமைப்பவர், கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு, போரான் நைட்ரைடு ஆகியவற்றை நம்பிய கலவைகளையும் இப்போதே சோதித்து வைத்துக்கொள்வது நல்லது.

பூச்சு வழங்குபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

தந்திருக்கும் உராய்வுக் குணகம் எந்தச் சுமையில், எந்த வேகத்தில், எந்த எண்ணெயில், எத்தனை டிகிரியில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள்; உலர்நிலையில் ஊசிமுனையை வட்டில் தேய்த்து எடுத்த எண் உங்கள் தாங்கிக்குப் பொருந்தாது. நின்று கிளம்பும் சோதனை எத்தனை முறை செய்யப்பட்டது, அதன் முடிவில் எத்தனை மைக்ரான் மிச்சமிருந்தது என்று கேளுங்கள். சூடான எண்ணெயில் ஊறவைத்த பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கீறி நாடா ஒட்டிப் பிடுங்கும் சோதனையின் முடிவைக் கேளுங்கள்; ஊறவைக்கும் முன் செய்த சோதனையில் எல்லாப் பூச்சுமே தேறிவிடும். தண்டின் சொரசொரப்பு எவ்வளவு இருக்கிறது என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்கவில்லை என்றால், தாங்கியைப் பற்றி அவர் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை.